ஓ நெகட்டிவும் இரண்டு மாத்திரைகளும்

எங்கள் வீட்டு போன் வேளை கெட்ட வேளையில் அடித்தால் அது ரத்தத்துக்காகத்தான் இருக்கும். என் கணவருக்கு ஓ நெகட்டிவ். ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் அவர் தரம் பார்க்கிற சூப்பர்வைசர். தைத்து முடிந்த ஷூவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், சரியில்லை என்றால் ஒரு வார்த்தை பேசாமல் ஓரமாக வைத்துவிடுவார். அந்த ஒரு காரணத்துக்காகவே ஃபேக்டரியில் அவரைப் பலருக்குப் பிடிக்காது. ஆனால் ஊரில் யார் வீட்டிலாவது ஆபரேஷன், பிரசவம் என்று வேலூருக்குக் கொண்டுபோய், அங்கே நெகட்டிவ் ரத்தம் கொடுக்க ஆள் கூட்டி வாருங்கள் என்று சொல்லிவிட்டால், முதலில் ஞாபகம் வருவது அவர்தான்.

போன் வந்ததும் ஷேவ் செய்துகொள்வார். ரத்தம் எடுக்கிறவர்கள் கையைத்தான் பார்ப்பார்கள், முகத்தை இல்லை என்று நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு ரயிலேறிக் காட்பாடி போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துப் போவார். யார் என்ன கொடுத்தாலும் வாங்க மாட்டார், ஒரு சாத்துக்குடி ஜூஸ் மட்டும். வீட்டுக்கு வந்ததும் பிள்ளை பெற்றவள் மாதிரி படுத்துக்கொள்வார். நான் ஈரல் வறுத்துக் கொடுக்க வேண்டும்.

பிறகு ஒருநாள் அந்த வீட்டுக்காரர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "சார், இது உங்க ரத்தம்" என்று சொல்வார்கள். இவர் குழந்தையின் தலையில் கை வைப்பார், முகமெல்லாம் மாறிவிடும். நான் மிஷன் பள்ளியில் அறிவியல் எடுக்கிறவள். உடம்பில் ஏற்றிய ரத்தமெல்லாம் சில மாதத்தில் அழிந்து புதிது வந்துவிடும், இப்போது அந்தக் குழந்தையிடம் உங்களுடையது ஒரு சொட்டுகூட இருக்காது என்று ஒருமுறை சொன்னேன். அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பாடத்தை வீட்டில் எடுப்பதை விட்டுவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. சபையில் பிரசங்கம் முடிவதற்குள் எழுந்து வெளியே போய் வருவார். ரயிலில் கழிவறைப் பக்கத்து சீட்டாகப் பார்த்து உட்காருவார். பஸ் பயணம் என்றால் காலையிலிருந்தே தண்ணீரைக் கையால் தொட மாட்டார். கேட்டால் உடம்புச் சூடு என்பார். சூட்டுக்கு இளநீர், பார்லித் தண்ணீர், வெந்தயம் என்று வரிசையாகக் குடித்தார். குடித்ததெல்லாம் எங்கே போகும், இன்னும் நாலு தடவை எழுந்து போனார். போனாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்று என்னிடம் சொல்லவே அவருக்கு ஒரு வருடம் ஆனது.

வேலூரில் டாக்டர் பார்த்துவிட்டு, புரோஸ்டேட் வீங்கியிருக்கிறது, வயதானால் ஆண்களுக்கு வருவதுதான், பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை என்றார். இரண்டு மாத்திரை எழுதினார். ஒன்று வழியைத் தளர்த்துகிற மாத்திரை, சீக்கிரம் குணம் தெரியும். இன்னொன்று வீக்கத்தையே மெதுவாகச் சுருக்குவது, பலன் தெரிய ஆறு மாதம்கூட ஆகலாம், தெரியவில்லையே என்று நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார். இந்த இரண்டாவது மாத்திரையைத்தான் கம்மி பவரில் வாலிபப் பையன்களுக்கு முடி கொட்டுவதற்குக் கொடுக்கிறார்கள் என்றும் சொன்னார். என் கணவர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். டாக்டர் சிரித்துவிட்டு, அந்த ஆசையை வளர்த்துக்கொள்ள வேண்டாம் என்றார்.

அதற்குப் பிறகு சொன்னதை நான்தான் கவனமாகக் கேட்டேன். மாத்திரையை உடைக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது, முழுதாக விழுங்க வேண்டும். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் கையால் தொடக் கூடாது, வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதன் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும். பின்னால் எப்போதாவது புரோஸ்டேட்டுக்கு ரத்தப் பரிசோதனை செய்தால் இந்த மாத்திரை சாப்பிடுவதை மறக்காமல் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அளவு குறைத்துக் காட்டி ஏமாற்றிவிடும். தாம்பத்தியத்தில் ஏதாவது குறை தெரிந்தால் வெட்கப்படாமல் வந்து சொல்ல வேண்டும். கடைசியாக, இதைச் சாப்பிடுகிறவரை ரத்த தானம் செய்யக் கூடாது. நிறுத்தினாலும் ஒரு மாதம் கழித்துத்தான். அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்விடலாம் அல்லவா என்றார் டாக்டர்.

காட்பாடியில் ரயில் ஏறித் திரும்பினோம். குடியாத்தம் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது இவர், "இனிமே போன் வந்தா இன்னா சொல்றது?" என்றார். உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உள்ளதைச் சொல்ல அவரால் முடியவில்லை. ஃபேக்டரியில் அந்த வியாதியின் பெயரை எடுத்தாலே ஒரு மாதிரிச் சிரிப்பு ஓடும். அதனால் போனை நான் எடுக்க வேண்டியதாயிற்று. அவர் பெங்களூர் போயிருக்கிறார், காய்ச்சலில் படுத்திருக்கிறார், போன வாரம்தான் கொடுத்துவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை சபையில் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று பாடம் நடத்திவிட்டு வந்து, அதே வாயால் போனில் வாய் கூசாமல் பொய் சொன்னேன். அவர் பக்கத்தில் நின்று, நான் சொல்வது நம்புகிற மாதிரி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பார். ஷூவைப் பார்க்கிற அதே பார்வை. மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். அதுவும் அடுக்களை மூலையில், வீட்டில் வேறு யாரும் இல்லாவிட்டாலும், முதுகைக் காட்டிக்கொண்டு. சில மாதங்களில் பிரசங்கத்தை முழுதாக உட்கார்ந்து கேட்கிற அளவுக்குத் தேறினார்.

எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தோல் வியாபாரியின் குடும்பம். வீட்டில் உருது, எங்களோடு தமிழ். அந்த வீட்டம்மாள் பின்பக்கக் கதவு வழியாக எந்நேரமும் வந்து போவார். அவருடைய மகள் என்னிடம் படித்தவள், வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளுக்கும் ஓ நெகட்டிவ். ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை மறைத்துக்கொண்டிருப்பதாகத் தெரிந்தது. பிரசவத்துக்கு முன்னாலேயே திடீரென்று ரத்தம் போகலாம், ரத்தம் கொடுக்க ஆள் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்று வேலூரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மாள் வந்து இதையெல்லாம் சொல்லிவிட்டு, எங்களிடம் எதையும் கேட்கக்கூட இல்லை. "பக்கத்துலயே அண்ணன் இருக்காரு. எங்களுக்கு இன்னா பேஜாரு டீச்சர்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "நான் இருக்கேம்மா, கவலையை விடுங்க" என்று சொல்லிவிட்டார்.

அவர்கள் கவலையை விட்டுவிட்டார்கள், அதுதான் வந்த வினை. வேறு ஆள் தேடுவதை அன்றோடு நிறுத்திவிட்டார்கள். அந்தம்மாள் போன பிறகு நான் கத்தின கத்தலில் தெருநாய் எழுந்து போனது. இவர் அசையவில்லை. பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, டாக்டரே நிறுத்தி ஒரு மாதம் போதும் என்றாரே, இன்றைக்கே நிறுத்திவிட்டால் கணக்குச் சரியாக வருகிறதே என்றார். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிறுத்துங்கள் என்றேன். கேட்டால் வேண்டாம் என்பார், அதனால் கேட்க மாட்டேன் என்றார். அவள் குழந்தை பெற்று வருகிறவரைக்கும்தானே என்றார். ரத்தம் அதற்கு முன்னாலேயே போக ஆரம்பித்தால், ஒரு மாதம் முடிவதற்குள் அவர்கள் வந்து நின்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் எழுந்துபோய் அந்த இஸ்திரிச் சட்டையின் மடிப்பைச் சரி பார்த்தார். எனக்குப் பயம் அங்கே போய் அவர் சொல்லப் போகிற பதிலைப் பற்றித்தான். ரத்தம் எடுக்கிற இடத்தில் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்பார்கள். வருடக்கணக்காக இல்லை இல்லை என்று சொல்லிப் பழகின வாய்.

அவர் இரண்டு மாத்திரையையும் நிறுத்தினார். ரத்தத்துக்கு ஆகாதது ஒன்றுதானே, மற்றதையாவது போடுங்கள் என்றேன். ரத்தம் என்றால் சுத்தமாக இருக்க வேண்டும், இதில் பாதி சுத்தம் என்று ஒன்று உண்டா என்றார். குடிக்கிறவன் கோயிலுக்குப் போவதற்கு முன்னால் நாலு நாள் நிறுத்துவது போல நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

பின்வீட்டில் இதற்கிடையே அவரைப் போஷிக்கத் தொடங்கினார்கள். அவர் ரத்தம் நாளைக்குத் தங்கள் பெண்ணுக்குப் போகப் போகிறது, அதனால் அது நல்ல ரத்தமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. மாதுளம்பழம், பேரீச்சை, ஈரல் வறுவல். வெள்ளிக்கிழமை ஆட்டுக்கால் சூப் தூக்குச்சட்டி நிறைய வரும். பெரும்பாலும் அந்தப் பெண்ணேதான் வயிற்றைத் தாங்கிக்கொண்டு எடுத்து வருவாள். அவர் குடித்து முடிக்கிறவரை எதிரில் உட்கார்ந்திருப்பாள். பக்ரீத்துக்கு வாங்கிக் கட்டிய ஆட்டைக்கூட யாரும் இப்படிக் கவனித்து நான் பார்த்ததில்லை. அவள் வருகிற சத்தம் கேட்டாலே மாத்திரை டப்பாவைத் தூக்கி மேல் அலமாரியில் வைத்துவிடுவேன். சாப்பிடாத மாத்திரைதான் என்றாலும் அவள் இருக்கிற இடத்தில் அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

சூப்பெல்லாம் உள்ளே போனது, வெளியே வருவது மட்டும் குறைந்துகொண்டே வந்தது. பழையபடி சபையில் எழுந்து போக ஆரம்பித்தார். ஒரு மாதம் முடிகிற சமயத்தில் சளி பிடித்தது. என்னிடம் சொல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு சளி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் சுத்தமாக அடைத்துக்கொண்டது. கழிவறைக்குள் நின்றுகொண்டு சுவரைக் கையால் அடித்தார். அடிவயிறு பானை மாதிரி எழும்பியிருந்தது. அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஃபேக்டரி வேனில் படுக்க வைத்து வேலூருக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொரு குழிக்கும் என் கையைப் பிடித்து நெரித்தார்.

டியூப் போட்டு மூத்திரத்தை வடித்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. டாக்டர் எல்லாவற்றையும் விசாரித்தார். மாத்திரையை நிறுத்தியது, அதோடு இந்தச் சளி மாத்திரை, இரண்டும் சேர்ந்துதான் செய்திருக்கும், புரோஸ்டேட் இருக்கிறவர்கள் சளிக்குக்கூடக் கேட்காமல் வாங்கிப் போடக் கூடாது என்றார். கோபப்படவில்லை. இரண்டு மாத்திரையும் அன்றே மறுபடி ஆரம்பமாயிற்று.

அப்படியென்றால் ரத்தம் கிடையாது. அது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது, பின்வீட்டுக்குத்தான் தெரியாது. நர்ஸ் நகர்ந்ததும் என்னைக் கிட்டே கூப்பிட்டு, யார் கேட்டாலும் கிட்னியில் கல் என்று சொல்லச் சொன்னார். "கல்லுக்கு ஒரு மரியாதை இருக்கு" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. உங்கள் மரியாதைக்காக அந்தப் பெண் சாக வேண்டுமா என்று கேட்டேன். வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாளைக்குள் நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன், போனில் சொன்ன பொய்யெல்லாம் போதும் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நாளை வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. சாயங்காலமே பின்வீட்டம்மாள் ஃபிளாஸ்கில் சூப்போடு வந்துவிட்டார். மகளுக்கும் அன்று செக்கப், அவளும் கூடவே வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். வேன் டிரைவர் ஊரில் என்ன சொல்லி வைத்திருந்தானோ, அம்மாள் தானாகவே கல்லைப் பற்றிப் பேசினார். வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கரைந்துவிடும், பிரசவத்துக்குள் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்றார். என் கணவர் தொங்கிக்கொண்டிருந்த யூரின் பேக்கின் மேல் போர்வையை இழுத்து விட்டார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தார். பிறகு போர்வையை எடுத்து ஒதுக்கிவிட்டார்.

"எனக்குக் கல்லு இல்லம்மா. புரோஸ்டேட்டு. மூத்திரம் அடைச்சிக்கிச்சி. அதுக்கு ஒரு மாத்திரை சாப்பிடறேன். அது சாப்பிடறவன் ரத்தம் உனக்கு ஏத்தக் கூடாது, உள்ள இருக்கிற கொழந்தைக்கு ஆகாது. எனக்கு இது மொதல்லயே தெரியும். தெரிஞ்சிதான் சரின்னு சொன்னேன்."

அம்மாள் ஃபிளாஸ்கை இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றார். வேறு ஆளுக்கு இந்த நேரத்தில் எங்கே போவேன் என்று கேட்டார்.

அதற்கு இவர் சொன்னது எனக்கும் புதிது. இத்தனை வருடம் ரத்தம் கொடுக்கிற பெஞ்சில் உட்கார்ந்திருந்ததில் தன் குரூப் ஆட்கள் இரண்டு பேரைத் தெரியும் என்றார். ஒருவர் நெமிலிப் பக்கத்து விவசாயி, இன்னொருவர் காட்பாடியில் ரயில்வேயில் இருக்கிறவர். அவர்கள் போன் நம்பரை மனப்பாடமாகச் சொன்னார். அத்தனை மாதம் என்னைப் பொய் சொல்ல வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றபோதெல்லாம் அந்த நம்பர்கள் அவர் தலைக்குள்தான் இருந்திருக்கின்றன. யாரிடமும் சொல்லியதில்லை. சொன்னால் போன் அங்கே போய்விடும் அல்லவா. எனக்கு அவரை அந்தக் கட்டிலோடு தள்ளிவிடலாம் போல இருந்தது. நம்பரை அம்மாளுக்கு எழுதிக் கொடுத்தேன்.

சில நாளிலேயே அந்தப் பெண்ணுக்கு ரத்தம் போக ஆரம்பித்துவிட்டது. வேலூருக்குக் கொண்டுபோனார்கள். நெமிலிக்காரர் வயலிலிருந்து அப்படியே கிளம்பி வந்தார் என்று கேள்விப்பட்டேன், ரயில்வேக்காரர் அவருக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாராம். குழந்தை உள்ளே இருக்கும்போதே அவளுக்கு ரத்தம் ஏற்றினார்கள். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ஆண் குழந்தை. இருவரும் பிழைத்தார்கள். செய்தி வந்தபோது டியூப் எடுத்து வீட்டுக்கு வந்திருந்த என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஏற்றினது குழந்தை பிறக்கிறதுக்கு முன்னாலயா, பின்னாலயா. முன்னால்தான் என்றேன். 

அதன்பின் போனை அவரே எடுக்க ஆரம்பித்தார். புரோஸ்டேட் மாத்திரை சாப்பிடுகிறேன், என் ரத்தம் இப்போது ஆகாது, இந்த நம்பருக்குப் பேசுங்கள் என்பார். ஃபேக்டரியில் கொஞ்ச நாள் சிரித்தார்கள். பிறகு, அவரை விடப் பெரிய பதவியில் இருக்கிற ஒருவர் ஓரமாகக் கூட்டிப் போய், எந்த டாக்டரைப் பார்த்தீர்கள் என்று கேட்டாராம்.

நாற்பது நாள் கழிந்ததும் குழந்தையை முதலில் நெமிலிக்கும் காட்பாடிக்கும் கொண்டுபோய்க் காட்டினார்கள். அது இவருக்குத் தெரியும். காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள் என்று சொன்ன அன்று காலையிலேயே ஷேவ் செய்துகொண்டார். அந்தப் பெண் பின்பக்கக் கதவு வழியாகக் குழந்தையோடு தனியாக வந்தாள். வந்ததும் அவர் மடியில் வைத்தாள். இவருக்கு எங்கே கை வைப்பது என்று தெரியவில்லை.

"இவன்கிட்ட என் ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லம்மா" என்றார்.

"இல்லாததாலதான் அங்கிள் இவன் நல்லா இருக்கான்" என்றாள் அவள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குழந்தையின் போர்வையில் இரண்டு சொட்டு விழுந்ததை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். மாத்திரை வேளை தாண்டிக்கொண்டிருந்தது. நான் போய் டப்பாவையும் தண்ணீரையும் எடுத்து வந்து, குழந்தையை வாங்கிக்கொண்டு டம்ளரைக் கையில் கொடுத்தேன். வழக்கமாக அடுக்களை மூலைக்குப் போகிறவர், அன்று அவள் எதிரிலேயே உட்கார்ந்து முழுதாக விழுங்கினார்.